ஒரே கலங்கரை விளக்கம், ஆறு ஸ்க்ரீன்ல ஆறு படம்

போன வருஷம் நாங்க மூணு பேர் சேர்ந்து டெர்மினல்ல (கமாண்ட் டைப் பண்ற, எழுத்து மட்டும் காட்டற விண்டோ) ஓடற ஒரு சின்ன கேம் எழுதினோம், கிராஃபிக்ஸே கிடையாது, முழுக்க எழுத்து தான். அதோட முதல் ஸ்க்ரீன் என் பொறுப்பு. நடுவுல ஒரு கலங்கரை விளக்கம், மேல உருண்டையா லேம்ப், லேம்ப்லேர்ந்து ரெண்டு பக்கமும் மங்கிக்கிட்டே போற வெளிச்சம், கீழ பாறை, அலை, வாசல்ல விளக்கைப் பாத்துக்கற ஆள் ஒருத்தர். 80 கட்டம் அகலம், 24 வரி. வெளிச்சம் மங்கற இடத்துக்கு மட்டும் ▓ ▒ ░ மூணையும் மாத்தி மாத்தி வச்சு ஒரு வாரம் போச்சு. என் மெஷின்ல அது நின்ன விதம் எனக்கு இன்னும் கண்ணுலயே இருக்கு, அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு.

ரிலீஸுக்கு மூணு நாள் முன்னாடி ஆறு பேர்கிட்ட டெஸ்ட் பண்ணக் குடுத்தோம். ஆறு ஸ்க்ரீன்ஷாட் வந்துச்சு. ஆறும் வேற வேற படம். ஒண்ணு கூட நான் வரைஞ்சது இல்ல.

அதுக்கு அப்புறம் நடந்த தேடலைத்தான் இங்க எழுதறேன். என்ன புரிஞ்சுதுன்னு முதல்லயே சொல்லிடறேன், ஃபைலுக்குள்ள இருக்கறது வரிசையா எண்கள், அவ்வளவுதான். எந்த எண்ணுக்கு எந்த வடிவம், ஒரு கட்டம் எவ்வளவு அகலம் எவ்வளவு உயரம், வரி எங்க மடங்கணும், எந்த கலர், இதையெல்லாம் பாக்கற மெஷின் தான் முடிவு பண்ணுது. நான் வரையும்போது என் மெஷின் எனக்காக இந்த முடிவையெல்லாம் எடுத்து வச்சிருந்துச்சு, ஆனா ஃபைலை அனுப்பினப்ப அதுல ஒண்ணு கூட சேர்ந்து போகல.

அப்போ மட்டும் எப்படி ஒத்துப் போச்சு

விண்டோஸுக்கு முன்னாடி பிசியில இருந்த டாஸ் காலத்துல இந்த மாதிரி கலர் எழுத்துப் படங்களை ஆயிரக்கணக்குல வரைஞ்சாங்க, ஊரு விட்டு ஊரு மோடம் வழியா அனுப்பினாங்க, எல்லார் வீட்லயும் ஒரே மாதிரி தெரிஞ்சுது. காரணம் ரொம்ப சிம்பிள், எழுத்தோட வடிவம் டிஸ்ப்ளே கார்டுக்குள்ளயே ரோம்-ல, அதாவது அழியாத மெமரியில, பதிஞ்சிருந்துச்சு. 1981ல வந்த ஐபிஎம் பிசியோட 256 எழுத்துத் தொகுப்பு, கோட் பேஜ் 437ன்னு சொல்றது, அதுல 219ம் எண் போட்டா முழுக் கட்டை █, 196 போட்டா படுக்கைக் கோடு ─, 176, 177, 178 போட்டா ░ ▒ ▓. கம்ப்யூட்டர் எண்ணை மட்டும் அனுப்பும், கார்டு வடிவத்தை போடும், ஸ்க்ரீன் 80க்கு 25. வேற ஃபாண்ட் போடணும்னு பெரும்பாலும் யாரும் நினைக்கவே இல்ல.

அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. பின்னாடி வந்த விஜிஏங்கற டிஸ்ப்ளே கார்டுல எழுத்தோட வடிவம் 8 பிக்ஸல் அகலம் தான், ஆனா டெக்ஸ்ட் மோடுல கட்டம் 9 பிக்ஸல் அகலம். அந்த ஒன்பதாவது பிக்ஸல் காலியா இருக்கும், எழுத்துக்கு நடுவுல மூச்சு விட இடம். ஆனா கோடு போடற எழுத்துக்கு நடுவுல இடைவெளி விழுந்தா கோடு அறுந்த மாதிரி இருக்கும்ல, அதனால 192லேர்ந்து 223 வரைக்கும் உள்ள எண்களுக்கு மட்டும் எட்டாவது பிக்ஸலையே ஒன்பதாவதுலயும் கார்டு காப்பி பண்ணிடும். ─ அதுக்குள்ள வருது, █ வருது. ░ ▒ ▓ மூணும் 176ல ஆரம்பிக்கறதால அதுக்குள்ள வரல, அதனால பழைய மானிட்டர்ல நிழல் கட்டைகளுக்கு நடுவுல மெல்லிசா ஒரு கருப்புக் கோடு ஓடும். அந்தக் கால ஓவியர்கள் ஸ்க்ரீன்ல பாத்து வரைஞ்சது அந்தக் கோட்டோட தான். இன்னிக்கு 8 பிக்ஸல் அகலத்துல அதே ஃபைலைத் திறந்தா கோடு இருக்காது, படம் வேற.

ஆமிகாங்கற கம்ப்யூட்டர் வச்சிருந்தவங்களுக்கு டோபாஸ்னு ஒரு ஃபாண்ட், அதுல சாய்கோடும் அடிக்கோடும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டற விதத்தை நம்பியே தனி ஸ்டைல் வளர்ந்துச்சு. ஜப்பான்ல எம்எஸ் பிகோத்திக் ஃபாண்டை வச்சு வரைஞ்சாங்க, அது எழுத்துக்கு எழுத்து அகலம் மாறற ஃபாண்ட், அதுல ஒரு பிக்ஸல் ரெண்டு பிக்ஸல் கணக்கு பாத்து ஸ்பேஸ் வச்சு படத்தை நேர் பண்ணினாங்க, அந்த ஃபாண்ட் இல்லாதவங்களுக்காகவே அதே அகலக் கணக்குல மோனான்னு ஒரு இலவச ஃபாண்ட் செஞ்சாங்க. எல்லா இடத்துலயும் பாருங்க, எல்லாரும் ஒரே ஃபாண்ட்னு ஒரு ஒப்பந்தம் இருந்ததால தான் படம் நின்னுச்சு. எங்க ஆறு பேருக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் இல்ல.

முதல் ரவுண்டு: எண் ஒண்ணு, அர்த்தம் வேற

நான் பழைய பாணி எடிட்டர்ல வரைஞ்சு 437லயே சேவ் பண்ணிட்டேன், கேம் அந்த பைட்டை (ஃபைல்ல இருக்கற ஒவ்வொரு எண்ணும் ஒரு பைட்) அப்படியே ஸ்க்ரீன்ல கொட்டிச்சு. ஒருத்தர் ஸ்க்ரீன்ஷாட்ல கலங்கரை விளக்கம் பூரா கேள்விக்குறி போட்ட வைரக் கட்டம், ஏன்னா அவர் டெர்மினல் யூடிஎஃப்-8ங்கற இன்றைய என்கோடிங்கை (எந்த எண்ணுக்கு எந்த எழுத்துங்கற ஏற்பாடு) எதிர்பாக்குது, 219ங்கற பைட் அங்க தனியா வந்தா செல்லாது. இன்னொருத்தர் ஃபைலை ஒரு எடிட்டர்ல திறந்து பாத்திருக்கார், அது விண்டோஸ் 1252ங்கற இன்னொரு எழுத்துத் தொகுப்புக் கணக்குல படிச்சிருக்கு, அதுல 219ன்னா தலையில தொப்பி போட்ட யூ. பழைய டெக்ஸ்ட் ஃபைல்களைத் திறந்து பாத்தவங்களுக்கு இது நல்லாத் தெரிஞ்ச காட்சி, பக்கம் பூரா தொப்பி யூ, ஓரத்துல டிகிரி குறி (அது 176, அதாவது ░), பக்கத்துல கூட்டல் கழித்தல் குறி (அது 177).

சரின்னு எல்லாத்தையும் யூடிஎஃப்-8க்கு மாத்தினோம். யூனிகோடுல (எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கற பொதுப் பட்டியல், யூடிஎஃப்-8 அதை எழுதற முறை) இந்தக் கட்டைகள் கோடுகள் எல்லாத்துக்கும் இடம் இருக்கு, மாத்தறது பெரிய வேலை இல்ல. நாலு பேருக்கு சரியாச்சு. ஆனா ஒருத்தர் கன்சோல், அதாவது அவரோட டெர்மினல் விண்டோ, இன்னும் 437ல இருந்துச்சு, அங்க நிலைமை முன்னவிட மோசம். யூடிஎஃப்-8ல █ மூணு பைட், 226, 150, 136. 437 கணக்குல படிச்சா முதல் பைட் கிரேக்க காமா, அடுத்தது தொப்பி யூ, அடுத்தது தொப்பி ஈ. ஒரு கட்டைக்கு மூணு எழுத்துன்னா 80 கட்டம் அகலம் 240 ஆயிடுது, ஒவ்வொரு வரியும் மூணா மடங்கி ஸ்க்ரீன் ஓடியே போச்சு. அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பாத்துட்டு எங்கள்ல ஒருத்தன், "மச்சி, என்கோடிங்கை நம்பி எதையும் பண்ணாத, மொதல்ல மெஷின்கிட்ட கேளு, அப்புறம் வரை"ன்னான். அந்த நேரத்துல நான் பெருசா எடுத்துக்கல, ஆனா கடைசியில தீர்வு அங்கேர்ந்து தான் வந்துச்சு.

80வது கட்டம்

என்கோடிங் சரியான பிறகும் ஒருத்தருக்கு படம் சரிஞ்சு கிடந்துச்சு, கோபுரம் வரிக்கு வரி சாஞ்சுக்கிட்டே போகுது. அவர் விண்டோ 120 கட்டம் அகலம். இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுசா போச்சு.

விஷயம் இதுதான். பழைய எடிட்டர்கள் ஒரு வரி முழுசா 80 கட்டமும் நிறைஞ்சிருந்தா அந்த வரி கடைசியில நியூலைன் (அடுத்த வரிக்குப் போன்னு சொல்ற குறி) போடாது, ஏன்னா டாஸ்ல 80வது எழுத்து விழுந்த உடனே கர்சர் தானா அடுத்த வரிக்குப் போயிடும். 120 கட்டம் இருக்கற விண்டோல அது மடங்காது, அடுத்த வரியோட முதல் 40 கட்டமும் அதே வரியிலயே ஒட்டிக்கும், அப்புறம் எல்லாமே சாயும். ஆஹா புரிஞ்சிடுச்சுன்னு ஒவ்வொரு வரிக்கும் நியூலைன் சேர்த்து அனுப்பினேன், அவருக்கு சரியாச்சு, உடனே கன்சோல்காரர்கிட்டேர்ந்து மெசேஜ், இப்போ ஒவ்வொரு வரிக்கும் நடுவுல ஒரு காலி வரி வருதுன்னு! அங்க 80வது எழுத்துலயே கர்சர் மடங்கிடுது, அதுக்கு மேல என் நியூலைன் இன்னொரு வரி தள்ளுது. 1978ல வந்த விடி100 டெர்மினல் வழிவந்தது எல்லாம் வேற மாதிரி, 80வது எழுத்தைப் போட்டுட்டு கர்சர் அங்கயே காத்திருக்கும், 81வது வந்தாத்தான் மடங்கும். ஒரே ஃபைலை வச்சு ரெண்டையும் திருப்தி பண்ண முடியாது. அகலத்தைக் குறைச்சா பிரச்சனையே இல்ல. நான் 76க்கு கொண்டு வந்தேன், ரெண்டு பக்கமும் வெளிச்சத்துல ரெண்டு ரெண்டு கட்டம் போச்சு. மனசுக்குக் கஷ்டமா தான் இருந்துச்சு.

ஜப்பானிய செட்டிங்ல இருந்த மெஷின்

இந்த ஸ்க்ரீன்ஷாட்டைத்தான் நான் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். எழுத்தெல்லாம் சரியா இருக்கு, வடிவமெல்லாம் சரியா இருக்கு, ஆனா கோபுரம் ரெண்டு மடங்கு அகலம், சுத்தி இருந்த ஃப்ரேம் வலது பக்கம் தாறுமாறா உடைஞ்சிருக்கு, அலை பூரா ¥ ¥ ¥.

அலை முதல்ல. நான் அலையை / \ வச்சு வரைஞ்சிருந்தேன். பின்சாய்வுக் கோட்டோட எண் 92. ஜப்பானிய எழுத்து ஏற்பாட்டுல அந்த இடத்துல யென் குறி உட்கார்ந்திருக்கு, கொரியன் ஃபாண்ட்ல அதே இடத்துல வொன் குறி. ஃபைல்ல தப்பே இல்ல, ஃபாண்ட்ல அந்த எண்ணுக்கு அந்த வடிவம்.

அகலம் வேற கதை. சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துக்கு டெர்மினல்ல ரெண்டு கட்டம், மத்ததுக்கு ஒரு கட்டம். யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் இந்த அகலத்தைக் குறிச்சு வச்சிருக்கு, அதுல இடத்தைப் பொறுத்ததுன்னு ஒரு வகை உண்டு, சுத்தி இருக்கற சூழல் கிழக்காசியம்னா ரெண்டு, இல்லன்னா ஒண்ணு. ஃப்ரேம் போடற கோடுகள்ல பெரும்பாலானதும் █ ▒ மாதிரி கட்டைகளும் அந்த வகையில தான் இருக்கு. அப்போ என் கோபுரம் அங்க ரெண்டு மடங்கு ஆனதுல ஆச்சரியமே இல்ல, ஸ்பேஸ் மட்டும் ஒரு கட்டமாவே இருக்கறதால உருவம் சமமா பெருசாகாம கோணலா ஆச்சு.

இங்கயே தமிழையும் சொல்லிடறேன். கேமோட பேரை ஃப்ரேமுக்குள்ள தமிழ்ல போட்டிருந்தேன், வலது ஓரக் கோடு எந்த மெஷின்லயும் நேரா நிக்கல. "கோ"ன்னு ஒரு எழுத்து போட்டா உள்ள ரெண்டு எண், 'க'வும், கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியும். சில டெர்மினல் அதுக்கு ஒரு கட்டம் கணக்கு போடுது, சிலது ரெண்டு போடுது, மேல புள்ளி வச்சா 0 ஆனா கொம்பு வச்சா 1னு கணக்கு போடறதும் இருக்கு. அதுக்கு மேல நம்ம எழுத்துங்க எல்லாம் ஒரே அகலம் கிடையாது, 'ர'வையும் 'ணை'யையும் ஒரே அளவு கட்டத்துல அடைக்கறது எழுத்துக்கே கெடுதல். பேரை ஃப்ரேமுக்கு வெளிய, படத்துக்குக் கீழ தனி வரியில எடுத்துட்டுப் போயிட்டேன், வலது பக்கம் எதையும் வைக்கல. தமிழ் எழுத்து இருக்கற வரியில அதுக்கு அப்புறம் எதுவும் நேரா நிக்கணும்னு எதிர்பாக்காம இருக்கறது ஒண்ணு தான் இப்போதைக்கு நம்பகமான வழி.

வாசல்ல நின்னவர்

விளக்கைப் பாத்துக்கற ஆளை ☺ வச்சுப் போட்டிருந்தேன். 437ல அது முதலாம் எண், எத்தனையோ பழைய கேம்ல ஹீரோவே அவர் தான். ஃபோன்ல திறந்தவருக்கு அது மஞ்சக் கலர் எமோஜி முகமா மாறி, ரெண்டு கட்டம் எடுத்து, பக்கத்துல இருந்த கதவைத் தள்ளிடுச்சு. எமோஜியா காட்டாத, எழுத்தாவே காட்டுன்னு சொல்ல யூனிகோடுல ஒரு குறி உண்டு, எழுத்துக்குப் பின்னாடி 65038ம் எண்ணைச் சேர்க்கணும், சில இடத்துல கேக்குது சில இடத்துல கேக்கல. ♥ ♀ ♂ ‼ எல்லாத்துக்கும் இதே ஆபத்து இருக்கு. ஆளை வெறும் சின்ன வட்டமா மாத்தி, கீழ ஒரு நேர்கோடு வச்சேன், தூரத்துல நிக்கற ஆள் மாதிரியே இருக்கு.

எங்கள்ல ஒருத்தன் எல்லாத்தையும் பிரெயில் புள்ளி எழுத்துல வரையலாம்னான், ஒரு கட்டத்துல ரெண்டுக்கு நாலுன்னு எட்டு புள்ளி, 256 வடிவம், படம் நுணுக்கமா வரும். வரைஞ்சு பாத்தோம், அழகு தான். ஆனா சில ஃபாண்ட்ல காலி பிரெயில் எழுத்தோட அகலம் மத்ததோட ஒத்துப் போகல, சிலதுல புள்ளி இல்லாத இடத்துல வெறும் வட்டம் தெரிஞ்சுது. விட்டுட்டோம்.

வெப் பேஜ்ல முட்டை ஆன லேம்ப்

கேமை அறிமுகப்படுத்தற பக்கத்துல படத்தைப் போட்டப்ப லேம்ப் முட்டை மாதிரி நீண்டு, கோபுரம் பூரா படுக்கை வரி வரியா இடைவெளி. வரி உயரம் தான் காரணம். சாதாரணமா ஒரே அகல ஃபாண்ட்ல எழுத்து அகலம் ஃபாண்ட் சைஸ்ல சுமார் 0.6, பக்கத்தோட வரி உயரம் 1.5னு வச்சிருந்தாங்க, அப்போ கட்டம் 1க்கு 2.5. நான் வரைஞ்சது 8க்கு 16, அதாவது 1க்கு 2.

பழைய மானிட்டர்லயும் இதே மாதிரி ஒரு வித்தியாசம் இருந்துச்சு, 720க்கு 400 பிக்ஸலை 4க்கு 3 ஸ்க்ரீன்ல விரிச்சதால பிக்ஸலே சதுரமா இல்லாம அகலத்தைவிட உயரம் 1.35 மடங்கு இருந்துச்சு. அப்போ வரைஞ்ச வட்டம் இன்னிக்கு சதுர பிக்ஸல்ல அமுங்கித் தெரியறது அதனால தான்.

அதே பக்கத்துல இன்னொண்ணு. வெளிச்சம் இருக்கற வரிகள் மட்டும் வலது பக்கம் நகர்ந்திருந்துச்சு, மத்ததெல்லாம் நேர். பக்கத்துக்கு வச்ச ஃபாண்ட்ல ░ ▒ ▓ இல்ல, பிரவுசர் அந்த மூணை மட்டும் வேற ஃபாண்ட்லேர்ந்து கடன் வாங்கியிருக்கு. கடன் ஃபாண்ட் அகலம் 0.62ன்னு வச்சுக்கோங்க, 16 பிக்ஸல் சைஸ்ல ஒரு எழுத்துக்கு 0.32 பிக்ஸல் தான் வித்தியாசம், ஆனா ஒரு வரியில 70 வந்தா 22 பிக்ஸல், ரெண்டு கட்டத்துக்கும் மேல. ஃபாண்டை பக்கத்தோடயே சேர்த்து அனுப்பினோம், வரி உயரத்தை எழுத்துக் கட்டத்தோட உயரத்துக்கு சமமா வச்சோம், எழுத்துகளை ஒட்ட வைக்கற லிகேச்சரை ஆஃப் பண்ணினோம் (புரோகிராம் எழுதறவங்களுக்கான சில ஃபாண்ட் ரெண்டு கழித்தலும் ஒரு பெரிசுக் குறியும் பக்கத்துல வந்தா அம்பா மாத்திடும்). சரியாச்சு.

சாட்ல அனுப்பறதைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல. வரிசையா இருந்த ஸ்பேஸை ஒண்ணாக்கிடுது, ரெண்டு கழித்தலை நீளக் கோடா மாத்திடுது, அகலம் மாறற ஃபாண்ட்ல காட்டுது. அங்க படமா எடுத்து அனுப்பறது தான் சரி.

கலர்

வெள்ளை பேக்ரவுண்ட் வச்சிருந்தவருக்கு ராத்திரிக் கடல் பகல் ஆயிடுச்சு, ஸ்பேஸுக்கு நான் கருப்புன்னு சொல்லவே இல்ல, சும்மா காலியா விட்டிருந்தேன். எல்லாக் கட்டத்துக்கும் கருப்பை வெளிப்படையா சொல்லி, வரி முடிவுல கலரை ரீசெட் பண்ணினதும் தீர்ந்துச்சு.

மரக்கதவு தான் படுத்திச்சு. பழைய 16 கலர்ல ஆறாவது பிரவுன், சிவப்பு 170, பச்சை 85. கணக்குப்படி அது கரும்மஞ்சளா, பச்சையும் 170ஆ இருக்கணும், ஆனா ஐபிஎம் கலர் மானிட்டர்ல பச்சையைப் பாதியா குறைக்க தனியா ஒரு சர்க்யூட்டே வச்சிருந்தாங்க, அதனால நல்ல பிரவுன் கிடைச்சுது, பின்னாடி விஜிஏவும் அதையே எடுத்துக்கிச்சு. எக்ஸ்டெர்ம்ங்கற டெர்மினல்ல அதே கலர் 205, 205, 0, பளிச்சுனு மஞ்சள். 16 கலரை யார் வேணா தன் தீம்ல மாத்திக்கலாம்ங்கறதால அதை நம்பி வரையக்கூடாது. 256 கலர் இருக்கற இடத்துல 130ம் எண்ணை எடுத்தேன், 175, 95, 0, கதவு மறுபடி மரமாச்சு.

இப்போ எப்படி வச்சிருக்கோம்

கேம் ஆரம்பிக்கும்போது மெஷின்கிட்ட கேக்குது. லொகேல் (மெஷினோட மொழி, எழுத்து செட்டிங்) யூடிஎஃப்-8ஆன்னு பாக்கும், விண்டோ 76க்கு மேல இருக்கான்னு பாக்கும், அப்புறம் ஓரத்துல ஒரே ஒரு █ போட்டுட்டு கர்சர் இப்போ எங்க இருக்குன்னு டெர்மினலையே விசாரிக்கும். விடி100 காலத்துலேர்ந்தே டெர்மினலுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியும், வரி எண்ணும் கட்ட எண்ணும் திருப்பி அனுப்பும். கர்சர் ஒரு கட்டம் நகர்ந்திருந்தா கட்டைப் படம். ரெண்டு நகர்ந்திருந்தாலோ மூணு நகர்ந்திருந்தாலோ, இல்ல பதிலே வரலன்னாலோ, வெறும் ஆஸ்கி படம், அதாவது கீபோர்டுல இருக்கற சாதாரண ஆங்கில எழுத்தும் குறியும் மட்டும் வச்ச படம். இந்த ஒரு சோதனை ஜப்பானிய மெஷினையும் 437 கன்சோலையும் சேர்த்தே பிடிச்சிடுது, இவ்வளவு தேடினதுல எனக்கு ரொம்ப திருப்தி குடுத்த இடம் இது.

ஆஸ்கி படத்தை மறுபடி தனியா வரைஞ்சேன், கட்டைப் படத்தை மெஷின் வச்சு மாத்தல. அச்சிடக்கூடிய 95 எழுத்துல பின்சாய்வுக் கோட்டை ஒதுக்கிட்டு 94. அலைக்கு டில்டாவும் அடிக்கோடும், வெளிச்சத்துக்கு புள்ளி, முக்காற்புள்ளி, சமக்குறி. கட்டைப் படம் அளவுக்கு இல்ல, ஆனா தன்னளவுல ஒரு நல்ல படம்னு இப்போ நினைக்கறேன்.

முதல்ல வரைஞ்ச 80 கட்ட ஃபைலை நான் அழிக்கல. அதோட கடைசியில சாஸ் ரெக்கார்டுன்னு ஒரு குறிப்பு சேர்த்து வச்சிருக்கேன், 1994ல ஆசிட்ங்கற ஓவியர் குழு பக்கத்துலேர்ந்து வந்த ஏற்பாடு அது. ஃபைலோட வால்ல 128 பைட், அதுல படத்தோட பேர், வரைஞ்சவர், அகலம், எந்த ஃபாண்ட், கட்டம் 8 பிக்ஸலா 9 பிக்ஸலா, பழைய மானிட்டர் மாதிரி உயரமா இழுக்கணுமான்னு எல்லாத்துக்கும் இடம் இருக்கு. அதைப் படிக்கத் தெரிஞ்ச வ்யூவர்ல திறந்தா, என் டேபிள்ல அன்னிக்கு இருந்த அதே கலங்கரை விளக்கம் வருது, வெளிச்சம் ரெண்டு பக்கமும் முழு நீளத்துக்கு, வாசல்ல ☺.